பழைய ஆம்னிக்கு வேறு காரின் 13 அங்குல ரிம்: அளவெடுப்பதிலிருந்து நட் இறுக்குவது வரை

மாருதி வேன் என்ற பெயரில் 1984-ல் வந்து, 1988-ல் ஆம்னியாகி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தக்காளிக் கிரேட் ஏற்றவும் சமையல் பாத்திரம் ஏற்றவும் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போகவும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 12 அங்குலச் சக்கரம் சின்னது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கிப் போடும். பெரிய ரிம் போட்டால் என்ன என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். "12 அங்குல டயர் கிடைப்பதில்லை" என்பது மட்டுமே காரணம் என்றால் ரிம்மைத் தொடவே வேண்டாம். டாடா ஏஸ் (சின்ன யானை) வண்டியில் வரும் 145 ஆர்12 எல்டி (இலகுரகச் சரக்கு வண்டி வகை) டயரின் அளவும் ஆம்னியின் அளவும் ஒன்றுதான். சின்ன யானை ஓடும் ஊரிலெல்லாம் அந்த டயர் கிடைக்கும். ஏஸுக்கு வருவது 8 ப்ளை (டயரின் வலிமையைக் குறிக்கும் அடுக்கு எண்) என்பதால் காலி வண்டியில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ரிம்மையே மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் இனி வருவது. இந்த வேலையில் எல்லோரும் "ஓட்டை பொருந்துகிறதா" என்று மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை நான்கு: ஓட்டை வட்டம் (நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை, ஆஃப்செட் (ரிம் வண்டியில் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்கார்கிறது என்பது), எடை தாங்கும் திறன். இவற்றில் வேனைக் கவிழ்க்கக்கூடியது கடைசி ஒன்று. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

எடைக் கணக்கு

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 155/70 ஆர்13 75டி என்று இருந்தால் 75 என்பது லோடு இண்டெக்ஸ். அது கிலோ இல்லை, கிலோவைக் குறிக்கும் குறியீடு. 73 என்றால் ஒரு டயருக்கு 365 கிலோ, 75 என்றால் 387, 77 என்றால் 412, 79 என்றால் 437, 80 என்றால் 450. ஆம்னியின் 145 ஆர்12 எல்டி 6 ப்ளை டயர் பொதுவாக 80/78 வகை, அதாவது ஒற்றைச் சக்கரத்துக்கு 450 கிலோ.

இப்போது 13 அங்குலக் கார் டயர்களைப் பாருங்கள். 155/65 ஆர்13 பெரும்பாலும் 73. ஆம்னி டயரைவிட அகலமாக, கம்பீரமாகத் தெரியும் அந்த டயர் ஒவ்வொரு மூலையிலும் 85 கிலோ குறைவாகத்தான் தாங்கும். பெரிய சக்கரம் அதிக எடை தாங்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. காற்றழுத்தமும் இதில் சேரும். எல்டி டயர் தன் முழு எடையை 50 பிஎஸ்ஐ-யை ஒட்டிய அழுத்தத்தில் தாங்குகிறது. சாதாரணக் கார் டயர் 36 பிஎஸ்ஐ-யை ஒட்டியே தன் உச்ச எடையை எட்டிவிடும். அதற்கு மேல் காற்றடித்தாலும் தாங்கும் எடை கூடாது.

உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி எடை மேடை. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள், கிரானைட் பட்டறைகள் இருக்கும் ரோடுகளில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக ஏற்றும் அதிகபட்சச் சுமையோடு போய், முதலில் முழு வண்டியையும், பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தியும் எடை போடுங்கள். மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எண் பொய் சொல்லும்.

கணக்கு எப்படி என்றால்: பின் ஆக்ஸிலில் 800 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 400. சுமை நடுவில் சரியாக உட்காராது, வளைவில் ஒரு பக்கம் சாயும். அதற்காக 10 சதவீதம் கூட்டினால் 440. இதற்கு 80 இண்டெக்ஸ் உள்ள 12 அங்குல எல்டி டயர் போதும். 77 உள்ள 165/65 ஆர்13 போதாது, 73 கிட்டவே வரக்கூடாது. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு 25 கிலோ கிரேட் 20 ஏற்றினால் அதுவே 500 கிலோ, அதில் பெரும் பங்கு பின் ஆக்ஸில் மேல்தான். அப்படி ஓடும் வண்டிக்கு எங்கள் தீர்ப்பு: 12 அங்குல எல்டியிலேயே இருங்கள். 13 அங்குலம் என்பது ஆள் ஏற்றும், இலேசான சாமான் ஏற்றும் ஆம்னிகளுக்கான வேலை.

ரிம்முக்கும் எடை வரம்பு உண்டு. அலாய் ரிம்மின் பின்புறம் அதிகபட்ச லோடு கிலோவில் வார்த்திருப்பார்கள். அப்படி எதுவும் இல்லாத அலாயை வேனுக்கு எடுக்க வேண்டாம். இரும்பு ரிம்மில் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. அப்போது அந்த ரிம் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் மொத்த எடையைப் பாருங்கள். ஆம்னியைவிட இலேசான காரின் ரிம் என்றால் விட்டுவிடுங்கள்.

டயர் உயரம்

145 ஆர்12 டயரின் விட்டம் சுமார் 540 மில்லிமீட்டர். புதியது இதிலிருந்து 2 சதவீதத்துக்குள் இருந்தால் ஸ்பீடோமீட்டர், கியர், மட்கார்டு இடைவெளி எதுவும் பெரிதாக மாறாது. கணக்கு எளிது: ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, டயர் அகலத்தில் விகிதச் சதவீதத்தை இருமுறை கூட்டுங்கள். 155/70 ஆர்13 என்றால் 330 + 108.5 + 108.5, அதாவது 547. இது 1.3 சதவீதம் கூடுதல், நல்ல பொருத்தம். 165/65 ஆர்13-க்கு 545 வரும், அதுவும் சரி. 155/65 ஆர்13-க்கு 532. உயரம் பரவாயில்லை, எடைதான் குறை. 155/80 ஆர்13-க்கு 578, இது 7 சதவீதம் அதிகம்.

அந்த 7 சதவீதம் பேப்பரில் சின்னதாகத் தெரியும். 796 சிசி எஞ்சினும் 4 கியரும் உள்ள வண்டியில் அது எல்லா கியரையும் கொஞ்சம் தூக்கிவிட்டது போல ஆகிவிடும். ஒகேனக்கல்லில் இறங்கிவிட்டுப் பென்னாகரத்துக்குத் திரும்ப ஏறும்போது இரண்டாவது கியர் இழுக்காது, முதல் கியர் கத்தும், கிளட்ச் வாசனை வரும். ஸ்பீடோ 60 காட்டும்போது வண்டி 64-ல் போய்க்கொண்டிருக்கும். 155 ஆர்13 எல்டி டயர் எடையை நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்கும் இதே உயரத் தொல்லை உண்டு. உள்ளே உரசவும் செய்யும்.

ஓட்டை வட்டம்

ஆம்னிக்கு 4 ஸ்டட் (சக்கர நட் ஏறும் மரைத் தண்டு), பிசிடி, அதாவது ஓட்டை வட்டத்தின் விட்டம், 114.3 மில்லிமீட்டர். பழைய மாருதி 800-க்கும் இதேதான். அதனால் 800-ன் ரிம் ஆம்னியில் ஏறும். ஏறும் என்பதால் போடலாம் என்று அர்த்தமில்லை, மேலே சொன்ன எடைக் கணக்கு அதற்கும் உண்டு.

உடைப்புக் கடையில் "இது எல்லா மாருதிக்கும் சேரும் சார்" என்று சொல்லித் தருவார்கள். சேராது. ஸ்விஃப்ட் ரிம் 100 மில்லிமீட்டர். வேறு கம்பெனிகளில் சான்ட்ரோ, இண்டிகா இரண்டும் 100. ஃபோர்டு ஐகான் 108. ஃபியட் பாலியோ 98. பெயரை விட்டுவிட்டு வெர்னியரை எடுங்கள். 4 ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத் தூரமே பிசிடி. மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால் ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்புவரை அளந்தால் அதே எண் கிடைக்கும். நடு ஓட்டை குறுக்கே வந்து வெர்னியர் நிற்கவில்லை என்றால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை இதே முறையில் அளக்கலாம். 80.8 வந்தால் 114.3 பிசிடி. 76.4 என்றால் 108. 70.7 என்றால் 100. 69.3 என்றால் 98. கடைசி இரண்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை என்பதால் டேப்பை வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

புது அலாய்களில் 8 ஓட்டை போட்டு, 100-க்கும் 114.3-க்கும் பொருந்தும்படி விற்கிறார்கள். எடை எண் சரியாக இருந்தால் ஆம்னிக்கு வெட்டு ஒட்டு வேலை இல்லாமல் பொருந்துவது இதுதான்.

100 பிசிடி ரிம்மில் புதிதாக 114.3-க்குத் துளை போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு துளையும் 7.15 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போக வேண்டும். பழைய துளையின் விட்டத்தைவிட இது குறைவு என்பதால் புதுத் துளை பழையதோடு கலந்து முட்டை வடிவமாகிவிடும். அதைத் தவிர்க்க 45 டிகிரி திருப்பி நடுவில் துளை போடுவார்கள். அங்கே வேறு கோளாறு: இரும்பு ரிம்மில் நட் உட்காரும் இடம் வெறும் ஓட்டை இல்லை. அதைச் சுற்றிய தகடு சற்றே மேலெழும்பி அழுத்தப்பட்டிருக்கும். நட் இறுகும்போது ஸ்பிரிங் வாஷர் போலக் கொஞ்சம் அமுங்கி, நட்டைத் தளராமல் பிடித்துக்கொள்ளும். நடுவில் போட்ட துளையில் அந்த அமைப்பும் இல்லை, கூம்பு இருக்கையும் இல்லை. பழைய துளையை வெல்டு வைத்து அடைத்துத் துளையிடுவது இன்னும் மோசம். வெல்டின் சூடு பட்ட ஓரத்தில்தான் முடி போன்ற விரிசல் தொடங்கும், தொப்பூர் இறக்கத்தில்தான் அது முடியும்.

அடாப்டர் தட்டு போடுவதும் வேனுக்கு ஏற்றதல்ல. பிசிடி மாற்றும் தட்டு 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே போனால் பேரிங் தேயும், ஸ்டியரிங் ஒவ்வொரு குழிக்கும் கையை இழுக்கும், டயர் பாடியைத் தாண்டி வெளியே நீட்டும்.

ரிம்மைச் சோதிப்பது

பழைய ரிம் வாங்கும்போது ஐந்தாகவே எடுங்கள், ஐந்தும் ஒரே வகையாக இருக்கட்டும். பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருப்பதைவிடத் துருவோடு இருப்பது மேல், விரிசல் மறையாது. கம்பி பிரஷ் போட்டு, ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றியும் காற்றோட்ட ஓட்டைகளின் மூலைகளிலும் நடுத்தட்டு ரிம்மோடு வெல்டு சேரும் கோட்டிலும் பாருங்கள். சந்தேகம் வந்த இடத்தில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். ஒரு கோடு தெரிந்தாலும் அந்த ரிம் பழைய இரும்புக்குத்தான்.

ஸ்டட் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், முன்பு யாரோ நட் தளர்ந்தே ஓட்டியிருக்கிறார் என்று பொருள். அதையும் விடுங்கள். ட்யூப்லெஸ் டயர் போடுவதாக இருந்தால் ரிம்மின் உள்பக்கம், டயர் உட்காரும் படிக்குப் பக்கத்தில் மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காற்று குறைந்த நேரத்தில் டயர் உள்ளே நழுவாமல் தடுப்பது அந்த மேடுதான். மேடு இல்லாத பழைய ரிம்மில் ட்யூப் போட்டே ஓட்டுங்கள்.

ரிம் அகலம் 4.5 அல்லது 5 அங்குலம் போதும். 155/70-க்கும் 165/65-க்கும் இரண்டும் ஒத்துவரும்.

ஆஃப்செட்டை அளப்பது

இதற்கு ஒரு நேர்ச் சட்டமும் ஸ்கேலும் வேண்டும். ரிம்மைக் கவிழ்த்து, பின் விளிம்பின் குறுக்கே சட்டத்தை வைத்து, அங்கிருந்து ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப் பாகம்) ஒட்டும் தட்டையான முகம்வரை ஆழத்தை அளக்கவும். இது உள் அளவு. பிறகு ரிம்மின் மொத்த அகலத்தை விளிம்போடு விளிம்பாக அளக்கவும். ரிம்மில் 4.5 என்று அச்சிட்டிருந்தால் மொத்த அகலம் அதைவிடச் சுமார் 25 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். அந்த அச்சு டயர் உட்காரும் இடத்துக்கு மட்டுமானது. மொத்த அகலத்திலிருந்து உள் அளவைக் கழித்தால் வெளி அளவு.

இதையே ஆம்னியின் சொந்த ரிம்முக்கும் எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணமாக, பழையதில் உள்ளே 100, வெளியே 27. புதியதில் உள்ளே 108, வெளியே 32 என்று வந்தால், புது ரிம்மின் விளிம்பு உள்ளே 8 மில்லிமீட்டரும் வெளியே 5 மில்லிமீட்டரும் நகரும், ரிம்மின் நடு 1.5 மில்லிமீட்டர் உள்ளே போகும். டயருக்கு இந்த நடு நகர்வோடு, அகலம் கூடுவதில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள்: 145-லிருந்து 165 போனால் பக்கத்துக்கு 10, அதாவது உள்ளே 11.5, வெளியே 8.5.

இப்போது வண்டியில் பழைய சக்கரத்தோடு இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். முன்னால் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பர் தூண்) நடுவில், பின்னால் டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில். கணக்குப் போட்டபின் பின்பக்கம் 10 மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும். வளைவில் பட்டையும் டயரும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும், புஷ் தேய்ந்த வண்டியில் இன்னும் அதிகம். முன்னால் ஸ்ட்ரட் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புவதால் 6 போதும். வெளிப்பக்கம் 10 மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது, டயர் பாடிக் கோட்டைத் தாண்டவும் கூடாது.

நடு ஓட்டையைக் கடைவது

ரிம்மில் கைவைக்கும் வேலை என்று நாங்கள் ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான். பிசிடி சரியாக இருந்தும் நடு ஓட்டை சின்னதாக இருப்பதால் ரிம் ஹப்பில் உட்காராமல் நிற்கும். முன் ஹப், பின் டிரம் இரண்டின் நடு மேட்டையும் துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியரால் தனித்தனியாக அளக்கவும். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து ஒன்றை மட்டும் அளந்தால் நாலில் இரண்டு ரிம் திரும்பவும் லேத்துக்குப் போகும். இரண்டில் பெரிய அளவோடு 0.15 மில்லிமீட்டர் கூட்டினால் வருவதே கடைய வேண்டிய விட்டம்.

ஓசூர் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் லேத் பட்டறைகள் நிறைய. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "எப்படிப் பிடிப்பீர்கள்?" ரிம்மின் வெளி விளிம்பைச் சக்கில் பிடிப்பேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள். பழைய ரிம்மின் வெளி விளிம்பு நெளிந்திருக்கும். அதை மையமாக வைத்துக் கடைந்தால் நடு ஓட்டை ஒரு பக்கம் ஒதுங்கிப் போகும். சரியான முறை: 16 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் 114.3 வட்டத்தில் 4 ஸ்டட் வைத்து ஒரு போலி ஹப் செய்து, அதில் ரிம்மைக் கூம்பு நட் போட்டு வண்டியில் மாட்டுவது போலவே மாட்ட வேண்டும். பிறகு டயர் உட்காரும் படியில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பார்த்து, அதன் பிறகே கடைய வேண்டும். ஒவ்வொரு வெட்டும் கால் மில்லிமீட்டர் போதும். மெல்லிய தகடு, அதிகம் வெட்டினால் அதிரும்.

விட்டத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் வரை கடையலாம். அதற்கு மேல் தேவைப்படும் ரிம் இந்த வண்டிக்கானது இல்லை. ஸ்டட் இருக்கைக்கும் நடு ஓட்டைக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் பாரத்தைச் சுமக்கிறது. கேஸ் கட்டரையோ கிரைண்டரையோ நடு ஓட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

நடு ஓட்டை பெரிதாக இருந்தால் பிரச்சினை சின்னது. அலாய்களில் 73.1 மில்லிமீட்டர் ஓட்டை சகஜம். உள்ளே ஹப் அளவு, வெளியே ரிம் அளவு வைத்து அலுமினிய வளையம் ஒன்று கடைந்து போடலாம். கூம்பு நட் ரிம்மை மையத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்றாலும், மாட்டும்போது ரிம் தொங்காமல் வளையம் தாங்கிக்கொள்ளும். 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வரும் ஸ்டியரிங் நடுக்கமும் குறையும்.

நட்டும் ஸ்டட்டும்

சுசூகி ஸ்டட் எம்12, மரை இடைவெளி 1.25. ஹுண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் எம்12 தான், ஆனால் 1.5. அந்த நட் ஆம்னி ஸ்டட்டில் கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "துரு பிடித்திருக்கு" என்று நினைத்து ஸ்பானர் போட்டால் ஸ்டட்டின் மரை போய்விடும். ரிம்மோடு சேர்த்து அந்தக் காரின் நட்டையும் தருகிறேன் என்றால் வாங்கவே வேண்டாம்.

நட்டின் முகமும் ரிம்மின் இருக்கையும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். ஆம்னி நட் 60 டிகிரி கூம்பு. ஹோண்டா ரிம்களில் இருக்கை உருண்டையாக இருக்கும். கூம்பு நட் அதில் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும். இறுக்கியது போலத் தோன்றும், ஓடஓடத் தளரும்.

நட் ஸ்டட்டில் ஏறும் ஆழம் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவு, அதாவது 12 மில்லிமீட்டர். 1.25 மரையில் அது ஒன்பதரைச் சுற்று. ரிம்மை மாட்டி, நட் இருக்கையைத் தொட்ட பிறகு எத்தனை சுற்றுக் கழற்றினால் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்பதரைக்குக் கீழே என்றால் நீளமான ஸ்டட் மாற்றியே ஆக வேண்டும். அலாய் ரிம்மில் இருக்கைப் பகுதி தடிமனாக இருப்பதால் இது அடிக்கடி வரும்.

மாட்டிப் பார்ப்பது

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டிப் பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் கொடுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பயன்படாது, அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. முன் சக்கரக் கட்டையே துணை.

ரிம்மை மாட்டிக் கையால் சுற்றுங்கள். டிரம்மின் விளிம்பு, முன்னால் டிஸ்க் உள்ள வண்டியென்றால் காலிப்பர், இவற்றின் மேல் சப்பாத்தி மாவை ஒட்டி ரிம்மை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், மாவு எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறதோ அதுவே இடைவெளி. 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பேலன்சிங் கடையில் உள்பக்கம் ஈயம் அடிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். காலிப்பர் பக்கம் நெருக்கமென்றால் ஒட்டும் வகை ஈயம் கேளுங்கள்.

ஒரு கம்பியை ஸ்டாண்டில் கட்டி அதன் முனையை ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சுற்றினால் ஆட்டம் தெரியும். பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ 1.5 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், முதலில் ஹப் முகத்தில் துரு, மண் இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்தும் ஆடினால் ரிம்தான் வளைந்திருக்கிறது.

அடுத்து டயர் போட்டு, வண்டியைத் தரையிறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து மட்கார்டின் உள்பக்கம் தொடுகிறதா என்று பார்க்கவும். காலி வண்டியில் தொடாதது சுமையில் தொடும். பின்னால் நாலைந்து பேரை ஏற்றி, ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகு டயரின் தோளிலும் மட்கார்டு உள்பக்கத்திலும் தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இறுக்குவது

ஹப் முகம், ரிம்மின் பின் முகம், நட் இருக்கை மூன்றிலும் பெயின்ட் இருக்கக்கூடாது. புதிதாக அடித்த பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கி மெலியும், மெலிந்த அளவு நட் தளரும். மரையில் கிரீஸ், எண்ணெய் வேண்டாம். அதே விசைக்கு ஸ்டட் அதிகமாக இழுபட்டு நீண்டுவிடும்.

நான்கையும் கையால் ஏற்றி, எதிரெதிராக 40 நியூட்டன் மீட்டர்வரை இறுக்கி, வண்டியை இறக்கி, மறுபடி எதிரெதிராக முழு விசைக்கு வரவும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது. கையேடு இல்லையென்றால் 80 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு: 40 சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் 20 கிலோ எடை தொங்கும் அளவு அழுத்தமே 80. ஸ்பானரில் பைப் மாட்டி மேலே ஏறி மிதிப்பது இதைப் போல மூன்று மடங்குக்குப் போய்விடும். என்எச் 44 ஓரத்து லாரிப் பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்குவதும் அப்படித்தான். அவர்களுக்குப் பழகியது லாரி நட். கையால் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

50-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கிப் பார்க்கவும். பிறகு ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒரே நட் இரண்டு முறையும் தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். கழற்றி, இருக்கையையும் ஸ்டட்டையும் பாருங்கள். அலைன்மென்ட் செய்தபின் 1,000 கிலோமீட்டரில் டயர் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ், ஸ்டெப்னி

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. டயர் அளவும் ப்ளையும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. இன்று ஓடும் ஆம்னிகளில் பல 15 ஆண்டைத் தாண்டியவை. பதிவைப் புதுப்பிக்க டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஆய்வாளர் சக்கரத்தைப் பார்ப்பார். அதனால் ரிம் வாங்கும் முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய 12 அங்குல ரிம் ஐந்தையும் விற்றுவிடாதீர்கள்.

ஐந்தாவது 13 அங்குலச் சக்கரம் ஸ்டெப்னி இடத்தில் அமர்கிறதா என்று மாட்டிப் பாருங்கள். அமரவில்லை என்று 12 அங்குலத்தையே வைத்திருந்தால், பஞ்சர் ஆகும்போது அதை முன்பக்கம் மட்டும் போட வேண்டும். பின்பக்கம் பஞ்சரானால் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். ஆம்னிக்குப் பின் சக்கரத்தில்தான் இழுவை. இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் இருந்தால் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுழன்று சூடேறும். அப்படி மாற்றிப் போட்டாலும் பக்கத்துப் பஞ்சர் கடைவரை 40 வேகத்துக்கு மேல் போக வேண்டாம்.